காலை நேரத்துக் கைக்கு ஒரு பிரேக்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஐந்து. மூன்று பெண், இரண்டு ஆண். ஐந்து பேரையும் ஆளாக்கி ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் படிக்க வரும். அதற்கு மேல் எழுத்து எனக்கு வாய்க்கவில்லை. நான் சொல்லச் சொல்ல இளைய மகனின் மகள் எழுதுகிறாள்.

போன வாரம் இவள் காரைக்குடிக்குப் போய் சைக்கிள் பார்த்துவிட்டு வந்தாள். மலையேறுகிற சைக்கிளாம். கடைக்காரர் இரண்டு விதமான பிரேக்கைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டாராம். ஒன்று ஒயர் இழுப்பது, ஒன்று ஆயில் தள்ளுவது. வந்தவள் விளையாட்டாக என்னிடம், “நீ சொல்லு அப்பத்தா, எதை வாங்க?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் இவள் பிறப்பதற்கு முன்பே ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசித் தீர்த்தவர்கள். அதனால் சொல்கிறேன்.

என் இரண்டாவது மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நேமத்தான்பட்டியைத் தாண்டி, கண்மாய்க்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில்தான் போய்வந்தாள். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசாதவர் எங்கள் சொந்தத்தில் இல்லை. அவள் மட்டும் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதுதான் அவள் முகம் தெளிந்திருக்கும். வாசலில் சைக்கிளை இறக்கும்போதே அன்றைய பாடத்தை முணுமுணுப்பாள்.

முப்பதைத் தாண்டியதும் அவள் விரல்களில் நோய் வந்தது. முதலில் மோதிரம் ஏறவில்லை. பிறகு கணுக்கள் வீங்கிச் சிவந்தன. மதுரையில் காட்டினோம். மூட்டைப் பிடிக்கிற நோய், குறையும், கூடும், முழுதாய்ப் போகாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் விரல்கள் கட்டை போல இருக்கும். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் ஆக ஆக இளகும். சாயங்காலம் பார்த்தால் இவளுக்கா நோய் என்று கேட்பார்கள்.

நடக்க முடியாத தூரம். நடந்தால் கணுக்காலும் சேர்ந்து வீங்கும். சைக்கிள் மிதிப்பது ஒன்றுதான் வலிக்காமல் வந்தது. மிதித்துவிடுவாள், நிறுத்தத்தான் முடியாது. அவளுடையது கம்பி பிரேக் போட்ட பழைய லேடீஸ் சைக்கிள். பிடியை ஓங்கி அழுத்தினால்தான் கட்டை போய் ரிம்மைத் தொடும்.

வழியில் கண்மாய்க் கரை. எங்கள் பக்கத்திலிருந்து மெல்ல ஏறும். அங்குட்டு இறங்குவது மட்டும் செங்குத்து. செம்மண்ணும் சரளையும். இறங்கின வேகத்தில் மடைக்குப் பக்கத்தில் வளைய வேண்டும். ஒருநாள் காலையில் அந்த வளைவில் பிடிக்க முடியாமல் கருவேலஞ்செடிக்குள் போய் விழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சேலையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நான் போனேன். அவள் மிதிப்பாள், நான் முன்கூட்டியே கிளம்பிக் குறுக்கு வழியில் நடந்து கரை மேல் போய் நிற்பேன். அவள் வந்ததும் கேரியரைப் பிடித்துக்கொண்டு சரிவில் கூடவே இறங்குவேன். அவள் பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி பாவனை செய்வாள். கீழே போனதும் விடுவேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் மறுபடி கரையேறி வீட்டுக்கு வந்து உலை வைப்பேன். பெரிய வீட்டுப் பெண்ணாகப் பிறந்தவள் நான். சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிறாளே என்று வயலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். ஆனால் உடம்பு அலுத்துப்போனது. முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒருத்தி வந்து கேட்டாள், “ஏக்கா, இம்புட்டு வேகமா எங்க போறீக, வெள்ளாமைக்கா?”

“இல்ல, சைக்கிள் பழகுறேன்,” என்றேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மூத்த மகன், “எம் பைக்குல கொண்டுபோய் விடுறேன், கொண்டாந்து விடுறேன்,” என்றான். மொபெட் வாங்கலாம் என்றார்கள். அதன் பிடியைத் திருகவும் அவள் மணிக்கட்டால் ஆகாது, ஸ்டாண்டு போடவும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர், நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். விடுப்பில் போனவள் திரும்பி வந்ததாக எங்கள் பக்கம் கதை இல்லை. மூத்தவன் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

“சிங்கப்பூருல இருந்து அவுக மாசாமாசம் அனுப்புறாக. இவ எதுக்கு இந்தப் பாடு படணும்? வேலைய விட்டுற வேண்டியதுதான.”

அவள் நிதானமாகக் கேட்டாள். “அண்ணே, நீ ஒருநாள் என்னைக் கொண்டுபோய் விடுவ. ரெண்டாம் நாளும் விடுவ. மூணாம் நாள் உங்க வீட்டுல என்ன சொல்லுவாக?”

அவன் சோற்றைப் பார்த்தான். அவன் பொண்டாட்டி உள்ளேதான் இருந்தாள்.

“என்னைய யாரும் ஏத்திக்கிட்டுப் போக வேணாம். நானாப் போவேன். போக முடியலன்னா அன்னைக்கு விடுறேன்,” என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீதி மருந்துக்கடைக்கு மாப்பிள்ளை கூப்பிடுவார். நாங்கள் போய்க் காத்திருப்போம். மகள் அவரிடம் கையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். நான்தான் ஒருநாள் ரிசீவரைப் பிடுங்கிச் சொன்னேன். அடுத்த வாரம் கூப்பிட்டபோது பிரேக் பற்றியே பேசினார்.

“அத்தை, இங்க மலைச் சைக்கிள்னு ஒண்ணு வந்துருக்கு. சக்கரத்து நடுவுல ஒரு இரும்புத் தட்டு இருக்கும். பிரேக் ரிம்மப் பிடிக்காது, அந்தத் தட்டப் பிடிக்கும். அதுல ரெண்டு தினுசு. ஒயர் போட்டது ஒண்ணு, ஆயில் போட்டது ஒண்ணு. ஒயருன்னா காரைக்குடியில எந்தக் கடையிலயும் மாத்திக்கிரலாம். ஆயிலுன்னா ஒத்த விரலால பிடிச்சாப் போதும். ஆனா கெட்டுப்போனா அங்க பாக்க ஆளில்ல. லீவுல வாரப்பக் கொண்டாரேன். எதுன்னு மாமாகிட்ட கலந்துக்கிட்டுச் சொல்லுங்க.”

மாமா என்றது என் வீட்டுக்காரரை. அவர் லாரி ஓட்டியவர். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிக்கொண்டு கேரளா வரைக்கும் போய்வருவார். ஒரு தடவை குமுளியைத் தாண்டிய இறக்கத்தில் பிரேக் ஆயில் குழாய் விட்டுப்போய், வண்டியை மலைப்பக்கம் சாய்த்து நிறுத்தி உயிரோடு வந்தார். கல் அத்தனையும் நொறுங்கிப் போனது. அதற்குப் பிறகு ஆயில் பிரேக் என்ற வார்த்தையைக் கேட்டாலே மூக்கை உறிஞ்சுவார்.

“ஒயர் பிரேக் தேயும், கத்தும், இழுக்கும். அறுந்துபோறதுக்கு முன்னாடி ஆயிரம் தடவ சொல்லும். ஆயில் பிரேக் இருக்கே, அது கடைசி நிமிசம் வரைக்கும் நல்லவன் மாதிரி இருந்துட்டு, காலை வச்சா சொத்துன்னு போயிரும். ஒயரே வாங்கச் சொல்லு.”

“அவ கைக்கு ஒயர் பத்துமா?”

“பத்துமா பத்தாதான்னு பாத்துருவோம்.”

அவர் சும்மா பேசுகிற ஆளில்லை. தெருவில் ஒரு பையனிடம் ஒயர் பிரேக் போட்ட புதுச் சைக்கிள் இருந்தது. அதை வாங்கி வந்து, ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு மகளைப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். சக்கரம் நின்றது. இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டார். மறுபடியும் நிறுத்தினாள். மகளுக்கே சந்தோஷம். “அப்பா, இதுவே போதும்ப்பா,” என்றாள். அவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அது சாயங்காலம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்திருந்தாள்.

நான் அவள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கையை வைத்து ஒருத்தியைச் சோதிப்பது அவளுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. இவரிடம் மட்டும் சொன்னேன், “நாளைக்கு விடிஞ்சதும் காப்பிய அடுப்படியில வந்து குடிங்க.”

“எதுக்கு? என் காப்பி எப்பவும் வாசலுக்குத்தான வரும்.”

“நாளைக்கு வராது.”

மறுநாள் காலையில் முனகிக்கொண்டே வந்து அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் வழக்கம் போல வந்தாள். பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் இடுக்கியை எடுத்தாள். பால் சட்டியின் விளிம்பில் வைத்தாள். அமுக்கினாள். இடுக்கி வாய் மூடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகு இடுக்கியை வைத்துவிட்டு, முந்தானையை இரண்டு உள்ளங்கையிலும் சுற்றி, சட்டியை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கி இறக்கினாள். அவளுக்கு அது பழகிப்போன வேலை. அப்பா பார்க்கிறார் என்பதே அவள் நினைவில் இல்லை. எனக்கும் பழகிவிட்டது. இவர்தான் முதல் தடவையாகப் பார்த்தார்.

அவர் காப்பியைக் குடிக்கவில்லை. அது ஆடை படிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய் அந்தப் பையனின் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே ரிசீவரை வாங்கினார். “மாப்ளே, ஆயிலே வாங்குங்க. ஆனா ஆயில் டியூப்ல காத்து ஏறாமப் பாக்க வேண்டியது உங்க பொறுப்பு. ஏறுச்சுன்னா உங்கள சிங்கப்பூருல வந்து பிடிப்பேன்.” மருந்துக்கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை வந்தபோது திருச்சியிலிருந்து காரின் கூரையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. பூட்டிப் பார்த்தால், குட்டையான தடித்த சைக்கிள். பெண்கள் ஏறுகிற மாதிரி நடுக்கம்பி சரிந்து இறங்கியது. டயர் மாட்டுக்கொம்பு போலத் தடிமன். ஊரே வந்து பார்த்தது.

“மலைச் சைக்கிளா? நம்ம ஊருல மலைக்கு எங்குட்டுப் போறது?”

“குன்னக்குடிக்குப் போயி மயிலுகூட ஏறச் சொல்லு.”

தட்டு பளபளவென்று இருந்தது. பிடியை நான் ஆள்காட்டி விரலால் தொட்டேன். தொட்டதுதான். சக்கரம் அப்படியே நின்றது. கூச்சமாகக்கூட இருந்தது, இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடக்குமா என்று. மாப்பிள்ளை விடிகாலையில் எழுந்து அவளைக் கூட்டிப்போய்ச் சமதரையில் ஓட்டிப் பழக்கினார். புது பிரேக் கட்டை தட்டோடு பழகணும், அதுவரைக்கும் சரிவில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பு. என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, சேலை மாட்டாமலிருக்க பழைய இரும்புக் கடையில் லேடீஸ் சைக்கிள் வலை ஒன்று வாங்கிப் பின்சக்கரத்தில் கட்டினார். சங்கிலிக்குத் தகரம் அடித்து மூடினார். மாமனும் மருமகனும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலை தட்டில் உரசுமா உரசாதா என்று அரைநாள் பேசினார்கள்.

பழகினாள். சரிவிலும் இறங்கினாள். முதல் சில நாள் நான் கரை மேல் போய் நின்றேன். கேரியரைப் பிடிக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு போவதை நிறுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை லீவு முடிந்து புறப்பட்டார். போகும்போது ஒரு சின்னப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, “மாத்துக் கட்டை அத்தை, பத்திரமா வையுங்க,” என்றார். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதற்கப்புறம் ஆயுத பூசை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் என் வீட்டுக்காரருடையதுதான். லாரியை விட்டு வருஷங்கள் ஆகியும் ஸ்பேனரும் ஜாக்கியும் ஒரு சாக்கில் வைத்திருந்தார். அன்றைக்கு அவற்றை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார். என் அரிவாள்மனை, மண்வெட்டி, தையல் மிஷின் எதையும் விடமாட்டார். “இரும்பு எண்ணெய் காணாம இருக்கக்கூடாது” என்பது அவர் மந்திரம். அந்த வருஷம் நடுநாயகமாக மலைச் சைக்கிள். தேங்காயெண்ணெய்த் துணியால் கம்பி, சங்கிலி, பெடல் எல்லாம் துடைத்தார். அவர் ஒன்றை நேசித்தால் அரைகுறையாக நேசிக்கமாட்டார். கண்ணாடி போல மின்னுகிற அந்த இரும்புத் தட்டையும் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகு அதில் மூன்று சந்தனப் பொட்டும் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிச் சைக்கிளை உருட்டினபோது எல்லாரும் கைதட்டினோம்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, நான் கரைக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை என்று இருந்தேன். மகள் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கை உரிந்திருந்தது. சரிவில் பிடியை அழுத்தியிருக்கிறாள், பிரேக் கத்தியிருக்கிறது, சைக்கிள் நிற்கவில்லை. மடைக்குப் போகாமல் மண்மேட்டில் ஏற்றிச் சாய்த்திருக்கிறாள். புத்திசாலித்தனம்தான். கைகால் முறியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, விழுந்தது உடம்பு இல்லை என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “சொன்னேன்ல! ஆயில் பிரேக் ஆளைக் கொல்லும்னு சொன்னேன்ல! குமுளியில நான் பாத்ததுதான் இது. நல்லவன் மாதிரி இருக்கும்னு சொன்னேனா இல்லையா?”

மூத்தவன் வந்தான். அவனும் பேசினான். பெரிய டீச்சர் சொன்னதும், விடுப்பும், வேலையை விடுவதும் மறுபடி வந்தது. மகள் நடுவில் எழுந்தாள். மலைச் சைக்கிளைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தாள். பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்தாள்.

“நாளைக்கு வாரியாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“வாரேன்,” என்றேன். வேறென்ன சொல்ல. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தபோது, எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. வயது ஐம்பது சொச்சம்தான். ஆனால் அந்தச் சரிவில் இன்னும் எத்தனை வருஷம் ஓட வேண்டும் என்று நினைத்தபோது, நான் முதலில் போய்விட்டால் இவள் கேரியரை யார் பிடிப்பது என்ற நினைப்பும் கூடவே வந்தது. பெற்றவளுக்கு அலுப்பு வந்தால் அதைச் சொல்ல ஓர் இடம் கிடையாது. மறுநாள் விடிகாலையில் கிளம்பி நடந்தேன். அடுத்த நாளும் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்கு எல்லாருமாகப் போனோம். மாப்பிள்ளை கேட்டார்: பிடி மெத்தென்று உள்ளே போகிறதா, கெட்டியாக நிற்கிறதா? கெட்டியாகத்தான் இருக்கிறது என்றாள் மகள். குழாயில் ஈரம் இருக்கிறதா? இல்லை. அப்புறம் அவர் கேட்டது ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

“தட்டுல யாராச்சும் எண்ணெய் போட்டீகளா?”

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மருந்துக்கடைக்காரரும் பார்த்தார்.

“எண்ணெயெல்லாம் போடல,” என்றார் இவர். “பூசைதான் போட்டேன்.”

“என்ன பூசை மாமா?”

“ஆயுத பூசை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சேன். சந்தனம் வச்சேன். ஏன், ஆயில் பிரேக்குக்கு ஆயில் ஆகாதா?”

அந்தப் பக்கம் மாப்பிள்ளை சிரிக்கிறாரா தலையில் அடித்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆயில் குழாய்க்கு உள்ளேதான் இருக்க வேண்டும். கட்டையும் தட்டும் ஒன்றையொன்று கவ்வுகிற இடத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, கையால் தொட்டால்கூட ஆகாது. எண்ணெய் குடித்த கட்டை இனி உதவாது, தூக்கிப்போட வேண்டும். தட்டை ஊசி போடுகிற இடத்தில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும்.

இவர் அங்கேயே மருந்துக்கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினார். வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்து தட்டைக் கழுவினார். கழுவினார் என்றால், அவ்வளவு நேரம் கழுவினார். சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைத்தார். நான் அரிசிப் பானைக்குப் பக்கத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பழைய கட்டையைக் கழற்றிப் புதுக் கட்டையைப் போட்டார். லாரி ஓட்டிய கை, அதற்கெல்லாம் யாரையும் கூப்பிடவில்லை.

முடித்துவிட்டு மகளிடம் வந்தார். “இந்தா பாரு தாயி. அன்னைக்குக் குமுளியில வண்டி என்னைக் கைவிட்டுச்சு. இதுல வண்டி விடல. நாந்தான் விட்டேன். இனிமே ஓட்டுறதும் ஓட்டாததும் உன் இஷ்டம். நான் வாயத் தொறக்கல.”

மூத்தவன், “ஒரு தடவ போனது மறுபடி போகாதுன்னு என்ன நிச்சயம்?” என்றான்.

மகள் பிடியைப் பிடித்துப் பார்த்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். “என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல அண்ணே,” என்றாள். “காரணம் தெரிஞ்சதுக்கு எதுக்குப் பயப்படணும்? என் கைக்கு இது ஏன் வந்துச்சுன்னுதான் இன்னும் ஒருத்தரும் சொல்லல.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பழைய கண்டிப்புப்படியே புதுக் கட்டையைச் சமதரையில் ஓட்டிப் பழக்கினாள். அதுவரைக்கும் நான் சரிவுக்குப் போய்வந்தேன். பிறகு ஒருநாள் காலையில், “இன்னைக்கு மலைச் சைக்கிள்ல போறேன், நீ வரவேணாம்,” என்றாள். சரி என்றேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் குறுக்கு வழியில் நடந்துவிட்டேன். கரை மேல் ஏறாமல் கீழே வளைவுக்குப் பக்கத்தில், மடை ஓரம் நின்றேன். வந்தால் பிடிக்கலாம். எதைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று யோசிக்கவில்லை.

கரை மேல் அவள் தலை தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. சரளை தெறிக்க இறங்கினாள். பாதிச் சரிவில், வேகம் பிடிக்கிற இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினாள். சைக்கிள் சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பிடியில் இருந்த கையைத் தலையால் காட்டினாள். ஆள்காட்டி விரல் மட்டும் பிடியில். மற்ற விரல்கள் காலை நேரத்து விறைப்பில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

பிறகு மெல்ல இறங்கி என் பக்கத்தில் வந்தாள். “அதான் சொன்னேன்ல. எதுக்கு வந்த?”

“சும்மா. கீரை பறிக்கலாம்னு.”

“இந்தக் கருவேலங்காட்டுலயா?”

அவள் போய்விட்டாள். அன்றைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வளைவைத் தாண்டிப் போகிறவரைக்கும் பெல்லை அடித்துக்கொண்டே போனாள். நான் மடைக்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஓடி ஓடிப் பழகிய கால், வேலை இல்லை என்றதும் அப்படி வலித்தது. கரையை ஏறி வீட்டுக்கு வர எனக்கு அன்று வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அந்தச் சரிவுக்கு நான் போகவில்லை.

அவள் அந்தச் சைக்கிளில் பல வருஷம் போனாள். ஆயில் மாற்ற வேண்டி வந்தபோதெல்லாம் மாப்பிள்ளையின் லீவுக்குக் காத்திருந்தாள். அதுவரைக்கும் சுற்றுவழியில் போனாள். அது சிரமம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நோய் முழுதாகப் போகவில்லை, அவளும் வேலையை விடவில்லை. பெரிய டீச்சராகி ஓய்வு பெற்றாள். விரல்கள் வளைந்துதான் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அந்தத் தட்டுக்கு மட்டும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் எண்ணெய்க் கிண்ணத்தையே எடுப்பார்.

இவ்வளவுதான் தாயி. கடைக்காரர் காட்டினால் சாயங்காலம் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்காதே. விடியக்காலையில், அலுப்பாக இருக்கிற நாளில் பிடித்துப் பார். எனக்குப் பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிட்டது. கொஞ்சம் வெந்நீர் கொண்டுவா. வந்து உட்கார்ந்து முதலிலிருந்து வாசி. உன் அத்தை சரிவில் நிறுத்தின இடம் வரும்போது மட்டும் நிதானமாக வாசி, அங்கே அவசரப்படாதே.